லைன் கிளியர்

இந்தக் கதையில் சீடருக்கு வயது நாற்பத்தொன்பது. குருவுக்கு முப்பத்தாறு. சீடர் முனைவர் பட்டம் பெற்றவர். குரு படித்தது டிப்ளமா. இப்படியும் நடக்குமா என்று கேட்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நடந்தது.

சீடர் பெயர் அருணகிரி. ஒரு பொறியியல் கல்லூரியில் மின்னியல் துறைத் தலைவர். மின்பாதுகாப்பைப் பற்றி இருநூற்றுப் பத்துப் பக்கத்துக்கு ஆய்வேடு எழுதியவர். ஆனால் மூன்று வருடம் முன்புவரை ஒரு சுவிட்ச் யார்டில் மின்சாரத்தை நிறுத்தும் கைப்பிடியைத் தன் கையால் இழுத்துப் பார்த்ததில்லை. நம் கல்லூரிகளில் இதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை.

குருவின் பெயர் ஹமீதா. பன்னிரண்டு வருடம் ஒரு துணை மின்நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். தொழிலில் கைபட்ட ஒருவர் துறையில் இருந்தாக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தபோது கல்லூரி அவரை வேலைக்கு எடுத்தது. வந்த முதல் நாளே அருணகிரி அவரிடம் போய், கைப்பிடியை எப்படி இழுப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுங்கள் மேடம் என்று கேட்டார். ஹமீதா அவரை மேலும் கீழும் பார்த்தார். வாட்ச்சையும் மோதிரத்தையும் கழற்றச் சொன்னார். ஒரு மாதம், தினமும் காலை ஏழரை மணிக்கு, துறைத் தலைவர் மாணவர்களின் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டார்.

ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடிய பேராசிரியர்களை நான் என் வாழ்நாளில் மூன்று பேரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் அதில் ஒருவர். அதனால் இந்தக் கதையில் அவர் படும் பாட்டைச் சொல்ல எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

அந்த ஒரு மாதப் பாடத்திலிருந்துதான் அவருக்கு யோசனை வந்தது. தனக்கே கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆயிற்று. துறையில் இருநூறு மாணவர்கள். பயிற்சி யார்டு ஒன்றே ஒன்று. ஒரு மாணவனுக்கு ஒரு செமஸ்டரில் இருபது நிமிடம் கிடைத்தால் பெரிது. அதிலும் பதினைந்து நிமிடம் முன்னால் நிற்பவனின் பின்மண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். இதையே ஒரு கேமாகச் செய்துவிட்டால் என்ன?

செய்தார். ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் லீவு எதையும் பார்க்காமல் இரண்டு வருடம் உட்கார்ந்து செய்தார். ‘மின்காவலன்’ என்று பெயர் வைத்தார். கேமில் மாணவன்தான் துணை மின்நிலைய ஆபரேட்டர். கம்பியில் வேலை பார்க்க ஆட்கள் வருவார்கள். ஆபரேட்டர் மின்சாரத்தை நிறுத்த வேண்டும், பூட்டுப் போட வேண்டும், கம்பியில் மின்சாரம் இல்லை என்று டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு ‘லைன் கிளியர்’ என்று சீட்டு எழுதித் தர வேண்டும். அந்தச் சீட்டு கையில் கிடைத்த பிறகுதான் யாரும் கம்பியைத் தொடலாம். நிஜத்திலும் அதுதான் வழக்கம். கேமில் ஒரு படியைத் தவறவிட்டால் திரை சிவந்துவிடும். ‘நீங்கள் இறந்துவிட்டீர்கள்’ என்று வரும். அதன் கீழே காரணம் வரும். அதற்கும் கீழே ‘மீண்டும் ஆடு’ என்று ஒரு பச்சைப் பொத்தான்.

மொத்தம் பன்னிரண்டு கட்டங்கள். ஒவ்வொரு கிளிக்கும் கல்லூரியின் தகவல் அமைப்பில் பதிவாகும். யார் எப்போது ஆடினார், எங்கே தவறினார், எத்தனை வினாடி எடுத்துக்கொண்டார் என்று எல்லாம் அதில் இருக்கும். மதிப்பெண் தானாகவே இன்டர்னலில் ஏறிவிடும். வராந்தாவில் மாட்டிய டிவியில் முதல் பத்துப் பேரின் பெயர் ஓடிக்கொண்டே இருக்கும். லேப் என்றாலே வயிற்றுவலி வரும் பிள்ளைகள், கேண்டீனில் கையில் எடுத்த இட்லி காய ஏழாம் கட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். வழக்கமாக நூற்றுக்கு அறுபது பேர் தேறும் தேர்வில் அந்த வருடம் எல்லோரும் தேறினார்கள்.

அருணகிரி பூரித்துப்போனார். பூரிக்க வேண்டிய விஷயம்தான். யார்டு வகுப்புகள் பாதியாகக் குறைந்து கம்ப்யூட்டர் லேபுக்குப் போயின. ஹமீதாவிடம் அபிப்பிராயம் கேட்டபோது, நன்றாக இருக்கிறது சார், யார்டுக்கு வரட்டும் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார். அருணகிரி முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார்.

சிக்கல் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தது.

நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு காற்றாலை நிறுவனம் இருபத்திரண்டு மாணவர்களைப் பத்து நாள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தது. கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும் பயிற்சி அல்ல. ஆபரேட்டர் பக்கத்தில் நிற்க, மாணவர்களே சுவிட்சை இயக்கலாம், சீட்டு எழுதலாம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்லூரிக்கும் இது கிடைத்ததில்லை. நிபந்தனை ஒன்றுதான். இவர்கள் இயக்கத் தகுதி பெற்றவர்கள் என்று கல்லூரி சான்றிதழ் தர வேண்டும். அதில் துறைத் தலைவர் கையெழுத்து ஒன்று, யார்டு அனுபவம் உள்ள ஆசிரியர் கையெழுத்து ஒன்று.

எட்டு நாற்பதுக்கு பஸ் போர்ட்டிகோவில் வந்து நின்றது. டிரைவர் இன்ஜினை அணைக்கவில்லை. பதினோரு மணிக்குள் நிறுவனத்தின் கேட்டில் இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த கல்லூரிக்குப் போய்விடும். முதல்வர் அதற்குள் இரண்டு முறை போன் செய்துவிட்டார். அடுத்த வாரம் ஆய்வுக்குழு வருகிறது. இந்தப் பயிற்சிக் கடிதம் ஃபைலில் இருந்தால் கேம் எல்லாத் துறைகளுக்கும் போகும். இல்லாவிட்டால் வராந்தா டிவியைக் கழற்றி ஆபீஸில் மாட்டிவிடுவோம் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துக்கொண்டு சொன்ன எதையும் செய்யாமல் விட்டதில்லை.

அருணகிரி தன் கையெழுத்தைப் போட்டு, தாளை எடுத்துக்கொண்டு யார்டை ஒட்டிய சின்ன அறைக்கு வந்தார். ஹமீதா ரப்பர் கையுறைகளில் காற்றை அடைத்து, ஓட்டை இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையெழுத்துப் போடுங்க மேடம். பஸ் நிக்குது.”

ஹமீதா கையுறையை வைத்துவிட்டுத் தாளை வாங்கினார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்கவில்லை.

“ஒண்ணு கேக்கலாமா சார்?”

“கேளுங்க.”

“இந்த இருபத்திரண்டு பேர்ல, யார் லைன் கிளியர் எழுதிக் குடுத்தா நீங்க கம்பியில கை வைப்பீங்க?”

அருணகிரி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“கபிலன்.”

கபிலன் மூன்று மாதமாக வராந்தா டிவியில் முதல் இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதவன். பன்னிரண்டு கட்டங்களையும் ஒன்பதே நாளில் முடித்தவன். நல்ல பையன். தலைக்கனம் கிடையாது, தனக்குத் தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுப்பான். அருணகிரிக்கு அவனைப் பிடிக்கும்.

“அவன் கணக்கைக் காட்டுங்க.”

அருணகிரி லேப்டாப்பைத் திறந்தார். இதற்குத்தானே தகவல் அமைப்பு, நொடியில் வந்துவிட்டது. ஹமீதா குனிந்து பார்த்தார்.

“எத்தனை தடவை செத்திருக்கான்?”

“நாற்பத்து மூணு.”

ஹமீதா நிமிர்ந்தார். அந்தப் பார்வை அருணகிரிக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. பஸ்ஸின் உறுமல் வேறு காதில் விழுந்துகொண்டிருந்தது. இதை எப்படியும் யாராவது கேட்பார்கள் என்று தெரிந்து பதில் தயாராக வைத்திருந்தார். விமான ஓட்டியும் இப்படித்தான் கற்கிறார் என்றார். தரையில் வைத்த பொம்மை விமானத்தில் ஐம்பது முறை விழுந்து நொறுங்குகிறார், அதனால்தான் வானத்தில் விழுவதில்லை. தப்பு செய்ய பயப்படுகிறவன் எதையும் கற்க மாட்டான். சாகாமல் செத்துப் பார்க்க ஒரு இடம் வேண்டும், கேம் அந்த இடம். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

“சரிதான் சார்,” என்றார் ஹமீதா.

அருணகிரிக்கு நிம்மதியாக இருந்தது. அது ரொம்ப நேரம் நிலைக்கவில்லை.

“விமானம் விழுந்ததும் அந்த ஓட்டி என்ன பண்ணுவார்?”

“பயிற்சியாளர்கூட உட்காருவார். எங்க தப்பு, ஏன் தப்புன்னு பேசுவாங்க.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி நேரம்கூட ஆகும்.”

“கபிலன் செத்ததுக்கும் ‘மீண்டும் ஆடு’ அமுக்கினதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு இதுல இருக்கா?”

இருந்தது. அந்த நேரக் கணக்கை அருணகிரிதான் அதில் சேர்த்தார், இதுவரை திறந்து பார்த்ததில்லை. திறந்தார். இரண்டு வினாடி. இரண்டு வினாடி. மூன்று. இரண்டு. ஒன்று. கீழே போய்க்கொண்டே இருந்தார். ஓரிடத்தில் நான்கு நிமிடம் என்று இருந்தது. சட்டென்று அதைச் சுட்டிக்காட்டினார். இதோ, இங்கே யோசித்திருக்கிறான். தேதியைப் பார்த்தார். அன்று கல்லூரி முழுவதும் நெட் போயிருந்தது.

வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார்.

“சார்,” என்றார் ஹமீதா, “எனக்கு ஒரு கால் மணி நேரம் குடுங்க. கபிலன யார்டுக்கு வரச் சொல்லுங்க. நீங்களும் வாங்க.”

மணி எட்டு ஐம்பத்தைந்து. அருணகிரி பஸ்ஸுக்குப் போனார். கபிலனைக் கூப்பிட்டதும் மற்ற இருபத்தொரு பேரும் இறங்கிவிட்டார்கள். காம்பவுண்டுக் கம்பிவேலியை ஒட்டி வரிசையாக நின்றார்கள். சிலர் போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தயாரானார்கள். ஹமீதா போன்களை உள்ளே வைக்கச் சொன்னார்.

யார்டின் நடுவில் ஒரு இரும்புச் சட்டத்தில் மூன்று செம்புப் பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஒவ்வொன்றுக்கும் தலையில் வண்ணம் பூசியிருக்கும். பயிற்சிக்கான யார்டுதான், ஆனால் ஓடுவது நானூற்று நாற்பது வோல்ட். ஆளைக் கொல்ல அது தாராளமாகப் போதும்.

ஹமீதா சுருக்கமாகச் சொன்னார். கபிலன் ஆபரேட்டர். சார் லைன்மேன். நடுப் பட்டையில் ஒரு போல்ட் இறுக்க வேண்டும். கபிலன் லைன் கிளியர் கொடுப்பான், சார் கை வைப்பார். கையுறை ஆபரேட்டருக்குத்தான், லைன்மேனுக்குக் கிடையாது.

அருணகிரி சிரிக்கப் பார்த்தார். ஹமீதாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

“லைன்மேனுக்கு ஏன் கையுறை இல்ல மேடம்?” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் கேட்டாள்.

“சீட்டு இருக்கே,” என்றார் ஹமீதா.

கபிலன் ஹெல்மெட்டை மாட்டினான், கையுறையைப் போட்டான். எதையும் மறக்கவில்லை. கைப்பிடியை இழுத்தான், ஒரே இழுப்பு, சரியான இழுப்பு. பூட்டைப் போட்டுச் சாவியைத் தன் பையில் வைத்தான். ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ பலகையை மாட்டினான். டெஸ்டரை முதலில் சுவரிலிருந்த பிளக்கில் வைத்துப் பார்த்தான். விளக்கு எரிந்தது, டெஸ்டர் நன்றாக இருக்கிறது. பட்டையில் வைத்தான். எரியவில்லை. டெஸ்டரை மடக்கி வைத்துவிட்டு, மேசையில் இருந்த சீட்டுப் புத்தகத்தில் எழுதினான். நேரம், இடம், பெயர், கையெழுத்து. கிழித்து இரண்டு கையாலும் நீட்டினான்.

“லைன் கிளியர் சார்.”

வேலி ஓரத்தில் யாரோ கைதட்டினார்கள். மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அருணகிரிக்குப் பெருமையாக இருந்தது. தான் எழுதிய படிகள் ஒன்றுவிடாமல் ஒரு பையனின் கையில் இறங்கியிருக்கின்றன. சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். பட்டைகளின் முன்னால் போய் நின்றார்.

“கை வைங்க சார்,” என்றார் ஹமீதா.

அருணகிரி வலது கையைத் தூக்கினார்.

அப்போதுதான் அவருக்கு ஏதோ உறுத்தியது. என்னவென்று தெரியவில்லை. எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனாலும் எதையோ பார்த்தோம், அல்லது பார்க்கவில்லை என்று மனசு சொல்லியது. உள்ளங்கை வியர்த்தது. வியர்த்த கையை நானூற்று நாற்பது வோல்ட் என்ன செய்யும் என்று ஆய்வேட்டில் அட்டவணை போட்டவர் அவர். அந்த அட்டவணையின் எண்கள் வரிசையாக நினைவுக்கு வந்தன.

ஹமீதாவைத் திரும்பிப் பார்த்தார்.

“டெஸ்டரை ஒரு தடவை நான்…”

“கேக்கலாம் சார். தப்பில்ல. ஆனா வேலை நேரத்துல எந்த லைன்மேனும் கேக்க மாட்டான். சீட்டு வாங்குவான், கை வைப்பான். பத்து வருஷமா அப்படித்தான் வச்சிருப்பான்.”

அருணகிரி கையை இறக்கவில்லை. இறக்கினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். கால் மணி நேரம் முன்புதான் யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னார். இருபத்திரண்டு பேருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். காற்றாலை நிறுவனத்தில் யாரோ ஒரு லைன்மேன் இந்தப் பையன் தரும் சீட்டை வாங்கிக் கை வைக்கலாம், தான் மட்டும் வைக்க முடியாது என்றால் அது என்ன கையெழுத்து? அவருக்கு பயமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்ததால் கை முன்னால் போயிற்று.

ஒரு முழம் இருந்தது. பிறகு ஒரு சாண்.

கபிலன் முதலில் சிரித்த முகத்தோடுதான் நின்றான். சாரின் கை பட்டையை நெருங்க நெருங்க அந்தச் சிரிப்பு கலைந்தது. அவன் கண் கையிலிருந்து பட்டைக்கும் பட்டையிலிருந்து கைக்கும் போய் வந்தது. ஹமீதா அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், சாரை அல்ல.

நான்கு விரல் இருந்தது.

“சார், இருங்க.”

கபிலன் ஓடி வந்து அருணகிரியின் முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். ஒரு மாணவன் துறைத் தலைவரைத் தொட்டு இழுத்தது அந்தக் கல்லூரியில் அதுதான் முதல் முறையாக இருக்கும்.

“இருங்க சார். நான் சிவப்புல மட்டும்தான் பாத்தேன்.”

அருணகிரி பட்டைகளைப் பார்த்தார். சிவப்பு. மஞ்சள். நீலம். கைப்பிடி ஒன்றுதான், ஆனால் உள்ளே பட்டைக்கு ஒன்றாக மூன்று கத்திகள். அதில் ஒன்று துருப்பிடித்துத் திறக்காமல் நின்றுவிட்டால் இரண்டு பட்டையில் மின்சாரம் இருக்காது, மூன்றாவதில் இருக்கும். அதனால்தான் மூன்றிலும் தனித்தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். ஹமீதா முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த பாடம்.

கபிலனுக்கு இது ஏன் தெரியவில்லை என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. விடை அவருக்கே வந்துவிட்டது. கேமில் முதலில் மூன்று கிளிக்தான் வைத்திருந்தார். மூன்று முறை கிளிக் செய்யப் போரடிக்கிறது சார் என்று பிள்ளைகள் சொன்னார்கள். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு மத்தியானம் மூன்றையும் ஒரே கிளிக்காக மாற்றினார். டெஸ்டரை எங்கே வைத்தாலும் மூன்று பட்டைக்கும் சேர்த்து டிக் விழும். அன்று பிள்ளைகள் நன்றி சொல்லி மெயில் அனுப்பியிருந்தார்கள். இருநூறு பேரும் அந்த ஒரு கிளிக்கைத்தான் நூற்றுக்கணக்கான முறை பழகியிருக்கிறார்கள்.

கபிலன் டெஸ்டரைத் திரும்ப எடுத்தான். பிளக்கில் வைத்துப் பார்த்தான். பிறகு சிவப்பில் வைத்தான், மஞ்சளில் வைத்தான், நீலத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமலே நின்றான்.

எதிலும் விளக்கு எரியவில்லை.

வேலி ஓரத்தில் எல்லோரும் மூச்சு விட்டார்கள். ஒருவன் சிரித்தேவிட்டான்.

“இல்ல மேடம்,” என்றான் கபிலன். “மூணுலயும் இல்ல.”

“இல்லன்னு இப்பத் தெரியும்,” என்றார் ஹமீதா. “சீட்டு எழுதினப்போ?”

கபிலன் சீட்டுப் புத்தகத்தைப் பார்த்தான். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சிரித்தவனும் அடங்கிவிட்டான். அருணகிரி சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து அவனிடம் திருப்பிக் கொடுத்தார். அவன் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். ஹமீதா அவன் தோளில் கை வைத்து, நிறுத்தச் சொன்னது நீதானே, போய்த் தண்ணீர் குடி என்றார்.

மணி ஒன்பது இருபது.

யார்டை ஒட்டிய அறையின் மேசையில் சான்றிதழ் இருந்தது. பேனா பக்கத்தில் இருந்தது. ஹமீதா அதைத் தொடவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஜன்னல் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். அந்த நேரம் முதல்வரின் போன் மூன்றாவது முறையாக வந்தது.

அருணகிரி எடுத்தார். பஸ் போகும் சார் என்றார். ஆனால் பிள்ளைகள் சுவிட்சைத் தொட மாட்டார்கள், பார்க்கத்தான் போகிறார்கள், அப்படித்தான் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றார். முதல்வர் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேசினார். ஆய்வுக்குழுவின் முன்னால் இதற்கு என்ன விளக்கம் சொல்வீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். ஏனென்றால் அருணகிரி, என் கேம் இன்னும் தயாராகவில்லை என்று சொல்வேன் என்றார். பிறகு சரி சார், சரி சார் என்று இரண்டு முறை சொல்லிவிட்டு வைத்தார்.

தாளில் ‘இயக்கத் தகுதி பெற்றவர்கள்’ என்ற இடத்தை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே தன் கையெழுத்தில், ‘பார்வையிட மட்டும். எதையும் இயக்க அனுமதிக்க வேண்டாம்’ என்று எழுதினார். பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டார். இரண்டு வருட உழைப்பைத் தன் கையாலேயே அடிப்பது எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பேனாவைக் கீழே வைத்தபோது ஹமீதா வந்து மூடியைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது இருபத்தெட்டுக்கு பஸ் கிளம்பியது. ஜன்னல்களில் வழக்கமான கூச்சல் இல்லை.

பஸ்ஸை அனுப்பிவிட்டு இருவரும் அந்தச் சின்ன அறைக்குத் திரும்பினார்கள். அருணகிரி நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் நிறுத்தாம இருந்திருந்தா?”

ஹமீதா தன் தோள்பையைத் திறந்து மூன்று ஃபியூஸ் கட்டைகளை எடுத்து மேசையில் வைத்தார்.

“காலையில எட்டு மணிக்கே பிடுங்கிட்டேன். அந்தப் பட்டைகளுக்கு இன்னைக்கு கரண்டே கிடையாது. உங்க உயிரை வச்சு நான் பாடம் நடத்த மாட்டேன் சார்.”

அருணகிரிக்குக் கோபம் வந்திருக்கலாம். வரவில்லை. இந்தக் காகிதத்தோடு தான் வருவார் என்று ஹமீதாவுக்கு எட்டு மணிக்கே தெரிந்திருக்கிறது என்பது மட்டும் புரிந்தது. லேப்டாப்பை இழுத்துத் திறந்தார். மாணவர்களின் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்ட நாட்களைப் போலக் குனிந்துகொண்டார்.

மூன்று கிளிக்கையும் திரும்பக் கொண்டுவருகிறேன் என்றார். நல்லது சார் என்றார் ஹமீதா. ‘மீண்டும் ஆடு’ பொத்தானைப் பத்து நிமிடம் பூட்டி வைக்கிறேன், அதற்குள் என்ன தப்பு என்று எழுதினால்தான் திறக்கும் என்றார். அதுவும் நல்லது என்றார். ஒவ்வொரு சாவுக்கும் மதிப்பெண்ணைக் குறைக்கிறேன், டிவியில் பெயருக்குப் பக்கத்தில் எத்தனை முறை செத்தான் என்றும் போடுகிறேன் என்றார். செய்யுங்கள் என்றார். அந்தச் ‘செய்யுங்கள்’ ஒப்புக்குச் சொன்னது போல இருந்தது.

அருணகிரி தட்டுவதை நிறுத்தினார்.

“நான் தப்பான இடத்துல தேடுறேனா?”

“இதெல்லாம் சரி பண்ண வேண்டியதுதான் சார்.”

“ஆனா நீங்க பாத்த தப்பு இது இல்ல.”

“இல்ல.”

“முதல் நாள் கேமைக் காட்டினேனே, அப்பவே பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே மேடம்.”

ஹமீதா ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் போட்டார். பையை மூடினார். இந்தப் பெண்மணி எதற்கும் தயங்கி அருணகிரி அதுவரை பார்த்ததில்லை.

“சொல்லுங்க மேடம். என்ன தப்பு அதுல?”

“உங்க கேம்ல தப்புப் பண்றவன் சாகிறான் சார்,” என்றார் ஹமீதா. “எங்க சப்ஸ்டேஷன்ல சீட்டு எழுதினது நான். செத்தது லைன்மேன் இசக்கிமுத்து.”